எரிக் லிடெல்

புகழைத் தேடி அலைவோர் பலர். கைக்கெட்டிய புகழைக் கடமையின்பொருட்டு விட்டுச் சென்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஸ்காட்லாந்து தேசத்து வீரராகிய எரிக் லிடெல்.

இவர் 1902-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 16-ஆம் தேதி, சீன தேசத்துத் தியன்சின் நகரில், லண்டன் மிஷனைச் சேர்ந்த பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் எல்தம் பள்ளியிற் பயின்று, 1920-இல் எடின்பரோ சர்வகலாசாலையிற் சேர்ந்து விஞ்ஞானம் கற்றார்.

அக்காலத்திலேயே ரக்பி ஆட்டத்தில் இவர் பெயர் ஓங்கியது. ஒரு கட்சிக்குப் பதினைவராக நின்று, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிர்க்கட்சியாரின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் நிலத்திற் பதிப்பதே அவ்வாட்டம். ஓட்டத்திற் சிறந்த லிடெல், மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆடும் விங் வீரரானார். 1922 ஜனவரியில், பாரிஸை அடுத்த கொலோம்ப் மைதானத்தில், பிரான்ஸுக்கு எதிராக முதன்முதல் ஸ்காட்லாந்தின் சார்பில் ஆடினார். இரண்டு வருஷங்களில் ஏழு சர்வதேசப் பந்தயங்களில் ஆடி, நான்கு முறை எல்லை கடந்து பந்தைப் பதித்தார். 1923-இல் இங்கிலாந்துடன் ஆடியதே கடைசிப் பந்தயம். ஒலிம்பிக் ஓட்டத்திற்குத் தம்மை ஆயத்தம் செய்யும்பொருட்டு, இருபத்தோராம் வயதிலேயே ரக்பியைத் துறந்தார்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், இவர் வெல்வாரென்று பலரும் எதிர்பார்த்த 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. ஓய்வுநாளில் ஓடுவதில்லை என்ற தம் கொள்கையை இவர் விடவில்லை. இச்செய்தியைப் பல மாதங்களுக்கு முன்னரே அறிந்தவராதலின், 400 மீட்டர் ஓட்டத்திற் பயிற்சி செய்து வந்தார். ஜூலை 11-ஆம் தேதி, தாம் ரக்பி ஆடிய அதே கொலோம்ப் மைதானத்தில், 47.6 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். அது அந்நாளில் உலக சாதனை.

மறுவருஷமே அப்புகழனைத்தையும் விட்டுச் சீனாவுக்குத் திரும்பி, தியன்சின் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பின்னர் யுத்தத்தால் அலைக்கழிந்த கிராமங்களில் ஊழியஞ் செய்தார். 1941-இல் கர்ப்பவதியான மனைவியையும் இரு பெண்மக்களையும் கானடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் அங்கேயே தங்கினார். மூன்றாம் மகளை இவர் கண்ணாற் கண்டதேயில்லை.

1943-இல் ஜப்பானியர் இவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்து அங்கிருந்த சிறுவர்களுக்குப் பாடமும் விளையாட்டும் கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்காணிப்பாரின்றி ஆடிய அப்பிள்ளைகள் தமக்குள் சண்டையிடக் கண்டு, அந்நாளிலும் மைதானத்தில் இறங்கி அவர்களுக்கு நடுவராக நின்றார். 1945 பிப்ரவரி 21-ஆம் தேதி மூளைக் கட்டியால் முகாமிலேயே காலமானார். ஆறு மாதத்திற்குள் கைதிகள் விடுதலை பெற்றனர்.

மாணவ நண்பர்களே, தங்கப் பதக்கத்தின்பொருட்டுத் தளர்த்தாத விதியை, பிறர் பெற்ற பிள்ளைகளின்பொருட்டு இவர் தளர்த்தினார். இவருடைய வெற்றிகளினும் இதுவே நம் நினைவில் நிற்கத்தக்கது.