அண்ணாதுரையின் இரண்டு பிரயாணங்கள்

மனிதன் தன் ஊரை விட்டுப் பிரிந்து போவதற்குக் காரணங்கள் பல உண்டு. படிப்புக்காகப் போகிறான், பிழைப்புக்காகப் போகிறான், யாத்திரையாகவும் போகிறான். சிறைக்குப் போகிறவனுக்குக்கூடத் திரும்பி வரும் தேதி ஒன்று உண்டு. அந்தத் தேதி இல்லாத பிரயாணம் ஒன்றே ஒன்றுதான். அது புற்றுநோய்க்கு வைத்தியம் தேடிப் போகும் பிரயாணம். கோயமுத்தூர் ஸ்டேஷனில் இரவு நேரத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைக் கவனித்தவர்கள் இதை அறிவார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பேச்சின்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர், பக்கத்தில் மாற்றுடுப்பும் வைத்தியக் காகிதங்களும் அடங்கிய பையை அணைத்துக்கொண்டிருக்கும் மகன், கண்ணைத் துடைத்துக்கொண்டே தைரியம் சொல்லும் மனைவி, இவர்களை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். இந்த ராஜ்யத்தை ஆண்ட முதன் மந்திரி ஒருவரும் இவர்களைப்போலவே ஊரை விட்டுப் புறப்பட்டுப் போனார் என்பதை இன்று நினைவூட்ட விரும்புகிறோம். சி. என். அண்ணாதுரையின் சரித்திரத்தைப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். நாம் அதை அவர் செய்த இரண்டு பிரயாணங்களின் மூலமாகச் சொல்லப் புகுகிறோம். முதலாவது, வாலிபத்தில் அவர் நம்முடைய கொங்கு நாட்டுக்கு வந்தது. இரண்டாவது, நோயுற்ற காலத்தில் கடல் கடந்து போனது.

அண்ணாதுரை 1909-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்தார். செல்வமோ செல்வாக்கோ உள்ள குடும்பமல்ல அது. சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் பொருளாதாரமும் அரசியலும் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் அந்தப் பட்டத்தோடு ஒருவர் வெளியே வந்தால் சர்க்கார் உத்தியோகத்தின் கதவு தானே திறக்கும். வீட்டாரும் உறவினரும் அதையே எதிர்பார்ப்பது வழக்கம். ஆனால் இந்த வாலிபரின் மனம் மேடையையும் பத்திரிகையையும் நாடியது.

1934-ம் வருஷத்தை ஒட்டித் திருப்பூரில் செங்குந்த வாலிபர்களின் மகாநாடு ஒன்று கூடிற்று. அங்கே பேச வந்த அண்ணாதுரை, ஈ. வெ. ராமசாமிப் பெரியாரை முதன் முறையாகச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவருடைய வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிட்டது. 1937 முதல் ஈரோட்டிலே தங்கி, குடி அரசு, விடுதலை ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியர் குழுவில் உழைத்தார். காவிரிக் கரையிலுள்ள அந்த மஞ்சள் சந்தை ஊரிலேதான் அவருடைய பேனா பழகிற்று என்று சொன்னால் மிகையாகாது. 1944-ல் சேலத்தில் கூடிய மகாநாட்டில் நீதிக் கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிய தீர்மானம் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1949-ல் வெளிவந்து அவருடைய வசனத்துக்குப் பெரும்புகழ் தேடித்தந்த வேலைக்காரி படம் நம் கோவையிலுள்ள சென்ட்ரல் ஸ்டூடியோவில் தயாரானது. அதே வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி தம் தலைவரை விட்டுப் பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தை ஸ்தாபித்தார். அவருடைய கொள்கைகளைப்பற்றி நம் வாசகர்களிடையே வெவ்வேறு அபிப்பிராயங்கள் இருக்கலாம். ஆனால் காஞ்சிபுரத்தில் பிறந்த அவர் பொது வாழ்க்கைக்குப் பிறந்தது கொங்கு நாட்டிலே என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை.

இடையிலுள்ள வருஷங்களை விரைந்து கடப்போம். 1957-ல் சட்டசபையில் புகுந்தார். 1962-ல் காஞ்சிபுரத்திலேயே தோற்றார். தோற்றவர் ராஜ்ய சபைக்குச் சென்று அங்கேயும் பெயர் எடுத்தார். 1967 மார்ச்சு மாதம் முதன் மந்திரியாகப் பதவி ஏற்றார். ரூபாய்க்கு ஒரு படி அரிசி தரும் திட்டத்தை ஆரம்பித்தபோது, ராஜதானியான சென்னையோடு அவர் சேர்த்துக்கொண்ட நகரம் கோயமுத்தூரே. சுயமரியாதைக் கலியாணங்களுக்குச் சட்டத்தின் அங்கீகாரம் தேடித்தந்தார். 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மகாநாட்டை நடத்தினார். அந்த வருஷம் வசந்த காலத்தில் அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலையின் அழைப்பை ஏற்று அங்கே கௌரவ விருந்தினராகப் போய்வந்தார். அது புகழின் பிரயாணம். சில மாதங்களுக்குள் அதே தேசத்துக்கு நோயாளியாகப் போக நேரும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

உணவுக் குழாயில் தோன்றும் புற்றுநோய் மிகவும் வஞ்சகமானது. அந்தக் குழாய் இளகிக் கொடுக்கும் இயல்புடையது. உள்ளே கட்டி வளர்ந்து வழியை வெகுவாக அடைத்த பின்னரே விழுங்குவதில் சிரமம் தெரியும். முதலில் சோறு இறங்காது. பிறகு கஞ்சி இறங்காது. கடைசியில் தண்ணீரும் இறங்காது. ஆகவே நோயாளி வைத்தியரைத் தேடும் போது நோய் பாதி வழி கடந்திருப்பது சகஜம். மணிக்கணக்காகப் பேசி ஜனங்களைக் கட்டிப் போட்ட தொண்டையை ஒட்டிய குழாயிலே இந்த நோய் வந்து அமர்ந்தது விதியின் கொடுமை என்றே சொல்லவேண்டும்.

1968 செப்டம்பரில் அண்ணாதுரை நியூயார்க்குக்குப் புறப்பட்டார். அங்கேயுள்ள மெமோரியல் ஆஸ்பத்திரி 1884-ல் புற்றுநோய்க்கென்றே ஆரம்பிக்கப்பட்டது. டாக்டர் மில்லர் என்ற நிபுணர் அவருக்கு ரண சிகிச்சை செய்தார். பல ஆயிரம் மைலுக்கு அப்பால், மொழி வேறு, உணவு வேறு, சீதோஷ்ணம் வேறான ஊரில் ஒரு கட்டிலிலே படுத்திருந்தார். பதவி இருந்தது, பக்கத்தில் நண்பர்களும் இருந்தார்கள், ஊரிலே லட்சக்கணக்கான ஜனங்கள் பிரார்த்தித்துக்கொண்டிருந்தார்கள். எனினும் கத்திக்குக் கீழே படுக்கும் போது முதன் மந்திரியும் மூட்டை தூக்குகிறவனும் சமமே. நவம்பர் மாதத்தில் அவர் நாடு திரும்பினார். ஓய்வு வேண்டுமென்பது வைத்தியர்களின் கண்டிப்பு. ஆயினும் இந்த ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டியதைக் கொண்டாடும் விழா டிசம்பர் 1-ந் தேதி நடந்தபோது, உடல் இடந்தராத நிலையிலும் வந்து பேசினார். 1969 ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் நாளன்று, அந்தப் பெயர் அமலுக்கு வந்தது. அதே தினம் தம் நண்பர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் சிலையைத் தியாகராய நகரில் திறந்துவைத்தார். ஜனங்களின் முன்னிலையில் அவர் கலந்துகொண்ட கடைசி நிகழ்ச்சி அதுவே.

நோய் திரும்பிவிட்டது. இம்முறை அவர் கடல் கடக்கவில்லை. அடையாற்றிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியிலே சேர்க்கப்பட்டார். இந்த ஸ்தாபனம் எப்படி உண்டாயிற்று என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நன்றி மறந்த செயலாகும். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். வைத்தியராகிய தம்மாலேயே அவளைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற துக்கம் அவரை விட்டு அகலவில்லை. சென்னைச் சட்டசபையின் உபதலைவராயிருந்த அவர், 1930-ல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துத் தம் ஸ்தானத்தை ராஜிநாமாச் செய்த வீரப் பெண்மணி. அரசியலைத் துறந்த பின்பும் இந்தத் துக்கத்தை அவர் துறக்கவில்லை. புற்றுநோய்க்கு வைத்தியம் செய்து என்ன பயன், எப்படியும் சாகிறவர்கள்தானே என்று கேட்டவர்களிடமெல்லாம் மன்றாடி, வீடு வீடாக நிதி திரட்டினார். 1952-ல் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954-ல் பன்னிரண்டே படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அந்த அம்மையார் 1968 ஜூலையில் காலமானார். அடுத்த ஆண்டின் துவக்கத்தில் அவர் எழுப்பிய கூரையின் கீழே அண்ணாதுரை வந்து சேர்ந்தார். உலகத்தின் மறு கோடி வரை போய் வந்தவருக்குக் கடைசியில் அடைக்கலம் கொடுத்தது, ஒரு தமிழ்ப் பெண் பிச்சை எடுத்துக் கட்டிய தர்ம ஸ்தாபனமே.

1969 பிப்ரவரி 3-ந் தேதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது அறுபதுகூட நிறையவில்லை. பதவியில் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. சென்னைக் கடற்கரையில் அவரை அடக்கம் செய்த நாளில் திரண்ட கூட்டம் தேசம் அதுவரை கண்டறியாதது. கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கிடைத்த வண்டியில் ஏறிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

இந்தச் சரித்திரம் கண்ணீர் விடுவதற்கு மாத்திரம் அல்ல. இதிலிருந்து கொங்கு நாட்டார் படிக்கவேண்டிய பாடங்கள் இரண்டு இருக்கின்றன என்பது நமது கருத்து.

முதலாவது, புகையிலை. அண்ணாதுரைக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும், பொடி போடும் பழக்கமும் இருந்தன. ஒரு தனி மனிதனுடைய நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்ய முடியாது. வக்கீல் தொழில் செய்த நமக்கு அது தெரியும். ஆனால் மெல்லும் புகையிலை வாயிலும் உணவுக் குழாயிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் சாட்சியங்களை நன்கு விசாரித்துத் தீர்ப்புச் செய்துவிட்டார்கள். அதன் மேல் அப்பீல் இல்லை. பவானி, கோபி, தாராபுரம் பக்கங்களில் நம் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக விளைத்த பயிர் அது. கலியாணத் தாம்பூலத்திலும் கழனி வேலையின் ஓய்விலும் அது கலந்துவிட்டது. 2013-ல் நம் ராஜ்யத்தில் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டன. சர்க்கார் கடையைத்தான் மூடலாம். மடியில் இருக்கும் சுருக்குப் பையை நாமேதான் அவிழ்த்துக் கொட்டவேண்டும். விளைப்பவனைப் பழித்துப் பயனில்லை. அவனுக்கு மாற்றுப் பயிரும் அதற்கு நியாயமான விலையும் கிடைக்க வழி செய்யாமல் நாம் அவனுக்கு உபதேசம் செய்வது தர்மமாகாது.

இரண்டாவது, பிரயாணம். நியூயார்க்குக்குப் போக முதன் மந்திரிக்கு முடிந்தது. சென்னிமலை நெசவாளிக்கு வெகு தூரத்திலுள்ள சென்னையே நியூயார்க்காக இருந்த காலம் உண்டு. கிரண சிகிச்சை ஒரே நாளில் முடிவதல்ல. வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து ஆறு வாரம் நடப்பது. நோயாளி ஊரிலே தறியை நிறுத்தவேண்டும். துணைக்கு வருகிறவனும் வேலையை விடவேண்டும். தெரியாத நகரில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொடுக்கவேண்டும். பலர் பாதியிலே வண்டி ஏறித் திரும்பிவிடுவது நோய் தீர்ந்ததனால் அல்ல, கைப்பணம் தீர்ந்ததனால். இன்று கோயமுத்தூரிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் பல தர்ம ஸ்தாபனங்களிலும் இந்த வைத்தியம் நடக்கிறது. நீலகிரியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நம்மைத் தேடி ஜனங்கள் வருகிறார்கள். நேற்று வழிப்போக்கர்களாயிருந்த நாம் இன்று விருந்தோம்பும் நிலைக்கு வந்திருக்கிறோம். அந்தப் பொறுப்பை நாம் உணர்ந்திருக்கிறோமா? ஆஸ்பத்திரி வராந்தாவிலே செய்தித்தாளை விரித்துப் படுத்திருக்கும் துணையாட்களைப் பார்த்தால் முழுமையும் உணர்ந்ததாகச் சொல்ல மனம் வரவில்லை. கோவிலுக்குக் கோபுரம் எழுப்பும் நம் தனவந்தர்களும் மில் முதலாளிகளும் ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில் ஒரு சத்திரம் எழுப்பினால், ஒரு வேளைச் சோறும் ஒரு பாயும் கொடுத்தால், எத்தனையோ பேர் வைத்தியத்தைப் பாதியில் விடமாட்டார்கள்.

1969-ல் காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அண்ணாதுரையின் பெயரால் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று சர்க்காரால் நிறுவப்பட்டது. அவருக்கு எழுப்பப்பட்ட சிலைகள் அனைத்திலும் அதுவே மேலான ஞாபகச் சின்னம் என்று நாம் கருதுகிறோம். எந்த ஊரில் அவர் பிறந்தாரோ, அந்த ஊருக்கே வைத்தியம் வந்து சேர்ந்தது. வாலிபத்தில் அவரை வளர்த்த கொங்கு நாட்டில், திருப்பூரிலும் ஈரோட்டிலும் தாராபுரத்திலும், வாயில் ஆறாத புண்ணோடும் விழுங்க முடியாத தொண்டையோடும் இருக்கும் ஏழை, இரவு வண்டிக்குக் காத்திராமல் காலையில் நடந்தே போய்ச் சேரக்கூடிய இடத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்கவேண்டும். நோயாளி வைத்தியத்தைத் தேடி அலைந்தது போதும். இனி வைத்தியம் நோயாளியைத் தேடி வரட்டும்.