மைசூரு ஒருநாள் டூர் போறீங்களா? கைடு சொல்ல நேரமில்லாத ராஜாவின் கதை இது!

மைசூருக்குக் கிளம்புற 'ஒருநாள் டூர்' வண்டிகள் எல்லாத்துக்கும் அட்டவணை கிட்டத்தட்ட ஒண்ணுதான். காலையில சாமுண்டி மலை, அடுத்து அரண்மனை, மதியச் சாப்பாடு, மிருகக்காட்சி சாலை, ஸ்ரீரங்கப்பட்டினம், பொழுது சாயும்போது பிருந்தாவன் தோட்டம். அரண்மனையில ஒரு மணி நேரம், தோட்டத்துல ஒரு மணி நேரம். நடுவுல மைசூர் பாக்கும் சந்தன சோப்பும் வாங்க கொஞ்சம் டைம் கொடுப்பாங்க.

போன்ல ஐந்நூறு போட்டோ சேர்ந்திருக்கும். ஆனா, அந்த அரண்மனையில வாழ்ந்து, அந்தத் தோட்டத்துக்குப் பின்னாடி நிக்கிற அணையைக் கட்டவெச்ச மனிதரோட பேரு கேட்டா, பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர் பேரு நான்காம் கிருஷ்ணராஜ உடையார். கன்னடத்துல 'நால்வடி' என்றால் நான்காவது. அதனால ஊரே அவரை 'நால்வடி' என்றுதான் சொல்கிறது. கே.ஆர்.எஸ் அணையில இருக்கிற 'கே.ஆர்' அவர்தான். அடுத்த முறை மைசூருக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, இவரோட கதையை ஒருமுறை படிச்சுட்டுப் போங்க. பார்க்கிற இடம் அதேதான். ஆனா தெரியுற விஷயம் வேற மாதிரி இருக்கும்.

முதல் ஸ்டாப்: அரண்மனை

1884 ஜூன் 4-ம் தேதி பிறந்தவர் நால்வடி. அப்பா சாமராஜேந்திர உடையார். டூர்ல நீங்க பார்க்கிற மைசூர் மிருகக்காட்சி சாலையை 1892-ல் தொடங்கியவர் அவர்தான். இரண்டே வருடத்தில், 1894 டிசம்பரில், கல்கத்தாவுக்குப் போன இடத்தில் தொண்டை அடைப்பான் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவருக்கு வயது 31.

மகனுக்கு 10 வயது. 1895 பிப்ரவரியில் அந்தச் சிறுவனை அரியணையில் உட்காரவைத்தார்கள். அவன் வளரும்வரை அவன் சார்பில் ராஜ்ஜியத்தை நடத்தியவர், அம்மா கெம்பநஞ்சம்மணி. இளம் வயதில் கணவரை இழந்த ஒரு பெண், அந்தக் காலத்தில், ஒரு பெரிய சமஸ்தானத்தை ஏழு வருடம் நடத்தியிருக்கிறார் என்பதை மனதில் வெச்சுக்கோங்க.

அடுத்த அடி சீக்கிரமே விழுந்தது. 1897-ல் இளவரசி ஜெயலட்சம்மணியின் கல்யாண சமயத்தில் அரண்மனையில் தீப்பிடித்தது. பழைய அரண்மனை பெரும்பாலும் மரத்தால் ஆனது. பெரும்பகுதி சாம்பலானது. அப்பாவை இழந்த பையன், 12-13 வயதில் பிறந்து வளர்ந்த வீட்டையும் இழந்தான்.

இப்போ நீங்க செருப்பைக் கழட்டிட்டு உள்ளே நுழையுற அரண்மனை, அந்தச் சாம்பல் மேல் எழுந்தது. கட்டச் சொன்னவர் அம்மா. வரைந்து கொடுத்தவர் ஹென்றி இர்வின். இவர் நமக்கும் தெரிந்தவர்தான். சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் சிவப்பு நிறத்தில் நிற்கிற தேசிய ஓவியக்கூடம் இவர் கைவண்ணம். மைசூர் அரண்மனை முடிய 1912 ஆனது. செலவு, அந்தக் காலத்து மதிப்பில் சுமார் 41 லட்சம் ரூபாய்.

உள்ளே போனதும் கல்யாண மண்டபத்தில் நின்று தூண்களைப் பாருங்க. அவை மரமும் இல்லை, கல்லும் இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்த்துக் கொண்டுவந்த இரும்பு. ஒருமுறை தீயில் வீட்டைப் பறிகொடுத்த குடும்பம், அடுத்த வீட்டைக் கல்லாலும் இரும்பாலும் கட்டியது. மயில் வரைந்த கண்ணாடிக் கூரையை எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. நீங்க அதைத் தாங்குகிற இரும்பையும் ஒருமுறை பாருங்க.

இரண்டாவது ஸ்டாப்: ஜகன்மோகன்

புது அரண்மனை எழும்வரை அரச குடும்பம் தங்கியது, பக்கத்தில் இருக்கிற ஜகன்மோகன் அரண்மனையில். 18 வயது முடிந்ததும், 1902 ஆகஸ்டில், வைஸ்ராய் கர்சன் முன்னிலையில் நால்வடி முழு அதிகாரத்தையும் ஏற்றுக்கொண்டார். இன்றைக்கு ஜகன்மோகன் ஓவியக்கூடமாக இருக்கிறது. ரவிவர்மா ஓவியங்களைப் பார்க்க டூர்காரர்கள் இங்கே கூட்டிப்போவார்கள்.

ஆனா, யோகா மேட்டை விரித்து 'சூர்ய நமஸ்காரம்' செய்கிறவர்களுக்கு இந்த இடத்தோடு இன்னொரு சம்பந்தம் இருக்கிறது. 1930களில் கிருஷ்ணமாச்சார்யா என்ற யோகா ஆசிரியருக்கு இந்த அரண்மனையில் ஒரு பயிற்சிக்கூடமே அமைத்துக்கொடுத்தார் நால்வடி. பி.கே.எஸ்.ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் இரண்டு பேரும் அவருடைய மாணவர்கள். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிற பல யோகா பாணிகளுக்கு வேர் இங்கேதான். இந்திரா தேவி என்ற ஐரோப்பியப் பெண் கற்றுக்கொள்ள வந்தபோது, ஆசிரியர் முதலில் மறுத்தார். மகாராஜா சிபாரிசு செய்த பிறகே கதவு திறந்தது. அந்தப் பெண்தான் பிற்காலத்தில் ஹாலிவுட்டுக்கு யோகாவைக் கொண்டுபோனார். கிருஷ்ணமாச்சார்யாவோ பின்னாளில் சென்னைக்கு வந்து, கடைசிவரை இங்கேயே வாழ்ந்தார்.

இசையும் அப்படித்தான். ராஜாவே வீணை, வயலின், புல்லாங்குழல் என்று பல வாத்தியங்கள் வாசிப்பார். நம் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், மைசூர் ஆஸ்தான வித்வானாக இருந்தபோதுதான் சாமுண்டீஸ்வரி மேல் 108 கீர்த்தனைகளை உருவாக்கினார்.

பஸ் போகும் வழியில்...

வண்டி ஊரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாப் பாருங்க. மைசூர்ப் பல்கலைக்கழகம், 1916. கையில் வாங்கி வெச்சிருக்கிற சந்தன சோப்பு? அதே 1916-ல் அரசு தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்தது. முதல் உலகப்போரால் சந்தனமர ஏற்றுமதி நின்று, மரம் குவிந்து கிடந்தது. அதை எண்ணெயாக்கி சோப்பில் சேர்த்தார்கள். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்கு சுமார் 370 ஏக்கர் நிலம் கொடுத்ததும் மைசூர் சமஸ்தானம்தான்.

இதிலெல்லாம் ராஜாவோடு சேர்ந்து நின்றவர், பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா. 1909-ல் தலைமைப் பொறியாளராக வந்தார். 1912-ல் திவான் ஆனார். திவான் என்றால் இன்றைய கணக்கில் முதலமைச்சர் மாதிரி.

மூன்றாவது ஸ்டாப்: அணை

பிருந்தாவன் வாசலில் இறங்கியதும் எல்லாரும் நீரூற்று எங்கேன்னு தேடுவாங்க. நீங்க முதல்ல நிமிர்ந்து அந்த நீளமான கற்சுவரைப் பாருங்க. 1911-ல் வேலை தொடங்கி, முடிய ஏறத்தாழ 20 வருடம் ஆனது. காவிரி, ஹேமாவதி, லட்சுமணதீர்த்தம் மூன்றும் சேரும் இடம். சிமென்ட் கிடையாது; சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தில் கட்டியது.

எதுக்காக இவ்வளவு பெரிய சுவர்? சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-லேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. 1905-ல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. ஆனா, கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். மழை ஏமாற்றினால் மண்டியா பக்கம் வயல் காயும். தண்ணீரைத் தேக்கினால் இரண்டுக்கும் விடிவு.

ஆனா, தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம். தஞ்சாவூர் டெல்டாவுக்கு வருகிற நீர் குறையும் என்று சென்னை மாகாண அரசு எதிர்த்தது. முதலில் 11 டி.எம்.சி கொள்ளளவுள்ள சிறிய அணைக்கு மட்டும்தான் சம்மதம் கிடைத்தது. மைசூரோ பெரிய அணைக்கு ஏற்றபடியே அஸ்திவாரம் போட்டது. வழக்கு மத்தியஸ்தம், மேல்முறையீடு என்று நீண்டு, 1924 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. மைசூர் கே.ஆர்.எஸ்ஸை முடிக்கலாம், சென்னை மாகாணம் மேட்டூரில் அணை கட்டலாம். மேட்டூர் 1934-ல் முடிந்தது. இன்றைக்கும் ஜூன் மாதம் நாம் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னாடி கே.ஆர்.எஸ் நீர்மட்டத்தைப் பார்க்கிறோமே, அந்தக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அணைக்குள் மூழ்கியவையும் உண்டு. கண்ணம்பாடி என்ற ஊரும் அதன் வேணுகோபால சுவாமி கோயிலும் அதில் சேர்த்தி. உள்ளூர்க்காரர்கள் இன்னமும் இதைக் 'கண்ணம்பாடி கட்டே' என்றுதான் சொல்வார்கள். ராஜாவின் பெயர் அணைக்குக் கிடைத்தது. ஊரின் பெயர் மக்கள் வாயில் தங்கிவிட்டது. மறுபக்கம், இந்த நீரால் மண்டியா கரும்பு விளையும் பூமியானது. 1930களில் அங்கே சர்க்கரை ஆலையே வந்தது.

டிக்கெட் இல்லாத இடம்

இனி சொல்லப்போறது எந்த டூர் அட்டவணையிலும் இல்லை. ஏன்னா, இதைப் பார்க்கக் கட்டடம் எதுவும் கிடையாது.

1918-ல் பிராமணரல்லாத சமூகங்களின் பிரதிநிதிகள் மகாராஜாவிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். அரசு வேலைகள் பெரும்பாலும் ஒரே சமூகத்திடம் இருக்கின்றன. மற்றவர்களுக்கும் வழி வேண்டும் என்பது அதன் சாரம். நம் பக்கம் நீதிக்கட்சி பேசிக்கொண்டிருந்த அதே விஷயம், அதே காலம். ராஜா, தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்.

விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. தகுதி மட்டுமே அளவுகோலாக இருக்க வேண்டும், கல்வியைப் பரப்பினால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர் நிலைப்பாடு.

இப்போ அந்த ராஜாவின் இடத்தில் உங்களை வெச்சுப் பாருங்க. அணை பாதியில் நிற்கிறது. பல்கலைக்கழகம், வங்கி, தொழிற்சாலை எல்லாத்துக்கும் மூளையாக இருந்தவர் எதிரே நிற்கிறார். அவர் போய்விட்டால் எல்லாம் நின்றுபோகலாம். கேட்க வந்தவர்களோ, அதுவரை அந்த வாசலில் பெரிதாக எதுவும் பெறாதவர்கள்.

ராஜா குழுவைக் கைவிடவில்லை. விஸ்வேஸ்வரய்யா பதவியிலிருந்து விலகினார். ஏழு வருடங்களுக்குள் உயர் பதவிகளில் பாதியும், கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் மற்ற சமூகங்களுக்குப் போக வேண்டும் என்று குழு சொன்னது. 1921-ல் அதற்கு அரசாணை வந்தது.

ரெண்டு பேரும் பகையாகவில்லை என்பதுதான் இதில் அழகு. பத்ராவதி இரும்பு ஆலை தடுமாறியபோது ராஜா மறுபடி விஸ்வேஸ்வரய்யாவைத்தான் கூப்பிட்டார். அவரும் வந்தார். 1923 முதல் அதை நடத்திக் காட்டினார். கருத்து வேறுபாடு வந்ததும் 'பிளாக்' பண்ணிவிடுகிற நமக்கு, நூறு வருடத்துக்கு முந்தைய பாடம்.

கடைசி ஸ்டாப்: தோட்டம்

இருட்டத் தொடங்கியதும் நீரூற்றுகளில் கலர் விளக்கு எரியும். பழைய சினிமாப் பாட்டுகளில் பார்த்த அதே படிக்கட்டுத் தோட்டம். 1927-ல் வேலை தொடங்கி 1932-ல் முடிந்தது. பரப்பு சுமார் 60 ஏக்கர். காஷ்மீர் ஷாலிமார் தோட்டத்தை மனதில் வைத்து, இதை உருவாக்கியவர் அப்போதைய திவான் மிர்சா இஸ்மாயில்.

மிர்சா, நால்வடியோடு சின்ன வயதில் ஒன்றாகப் படித்த தோழர். சாமுண்டீஸ்வரியைக் குலதெய்வமாகக் கும்பிடும் ராஜா. அவருக்கு முஸ்லிம் திவான். 1926-லிருந்து ராஜா கண்ணை மூடும்வரை அந்த நாற்காலி மிர்சாவிடமே இருந்தது. அணை கட்டியதில் மிச்சமிருந்த இடத்தை அப்படியே விட்டிருந்தால் கல்லும் முள்ளுமாகக் கிடந்திருக்கும். பள்ளித் தோழர்கள் இருவர் அதை எல்லாரும் வந்து உட்காருகிற இடமாக மாற்றினார்கள்.

நால்வடிக்குக் குழந்தை இல்லை. 1931-ல் கயிலாய யாத்திரை போய்வந்தார். காந்தி அவரை 'ராஜரிஷி' என்று அழைத்தார். 1940 மார்ச்சில் தம்பி நரசிம்மராஜ உடையார் பம்பாயில் இறந்தார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 3-ம் தேதி பெங்களூர் அரண்மனையில் நால்வடியும் மறைந்தார். வயது 56. தம்பி மகன் ஜெயசாமராஜ உடையார் அரியணை ஏறினார்.

போறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலையில் அரண்மனையில் ஏறக்குறைய 97,000 பல்புகள் எரியும். பிருந்தாவன் நீரூற்றும் மாலை நேரத்தில்தான். இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் என்பதால், ஒரே நாளில் ரெண்டையும் நிதானமாகப் பார்ப்பது கஷ்டம். முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்க. முடியாதென்றால் எதைப் பார்க்கப் போறீங்கன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கைடிடம் கேட்டு முடிவு பண்ணுங்க.

தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தீங்கன்னா, நீரூற்று ஆட்டம் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடும்போது, ரெண்டு நிமிஷம் அணைப் பக்கம் திரும்பி நில்லுங்க. மதகு திறந்திருந்தால் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அது ஸ்ரீரங்கப்பட்டினம், சிவனசமுத்திரம், ஒகேனக்கல் தாண்டி மேட்டூருக்கு வருகிற தண்ணீர். உங்களுக்கு முன்னாடியே ஊருக்குக் கிளம்பிவிட்டது.