கார்னெகி: ஈட்டலும் ஈதலும்

ஸ்காட்லாந்திலுள்ள டன்ஃபெர்ம்லின் என்னும் ஊரில், 1835 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25 ஆம் நாள் ஆண்ட்ரூ கார்னெகி பிறந்தார். தந்தையார் கைத்தறி நெசவாளர். நீராவித் தறிகள் பெருகியபின் அவர்தம் தொழில் நலிந்தது. 1848 இல் அக்குடும்பம் கடன் பெற்றுக் கப்பலேறி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள அலெகெனி நகரில் குடியேறிற்று. பள்ளியில் பயில வேண்டிய வயதில் சிறுவன் கார்னெகி பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் வேலைக்குச் சென்றான். வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். விடியுமுன் போய் இருட்டியபின் திரும்பும் வேலை.

பின்னர்த் தந்தி நிலையத்தில் ஏவலனாகச் சேர்ந்தவர், தந்திப் பொறியின் ஒலியைக் கேட்டே செய்தியை அறியும் திறனும் பெற்றார். அந்நாளில் கர்னல் ஆண்டர்சன் என்னும் பெரியார், உழைக்கும் சிறுவர்களுக்குத் தம் நூல்களைச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்து வந்தார். அந்த நூல்கள் ஒரு நூலகமாக அமைந்தபின், தொழில் பழகுநர் அல்லாதார் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதித்தனர். கார்னெகி செய்தித்தாளில் மடல் எழுதி வழக்காடி வென்றார். அவர்தம் பிற்காலக் கொடையின் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது என்பது நம் கருத்து.

இரயில்வேப் பணி, இரும்புப் பாலத் தொழில் என உயர்ந்த அவர், இங்கிலாந்தில் பெசமர் முறையைக் கண்டார். உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்தி, மிகுதியான கரியை எரித்து எஃகாக்கும் முறை அது. 1875 இல் பிராடக்கில் அவருடைய ஆலை இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு டன்னுக்கும் ஆகும் செலவை நுணுகிக் கணக்கிட்டார்; புதிய பொறி வந்தால் பழையதைத் தயங்காமல் கழித்தார். எஃகின் விலை இறங்கிற்று; செல்வம் குவிந்தது.

அதே கணக்கு கூலியின்மீதும் பாய்ந்தது. 1892 இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பைத் தொழிற்சங்கம் எதிர்த்தது. நிருவாகி ஃபிரிக் ஆலையைப் பூட்டி, பிங்கர்ட்டன் நிறுவனத்துக் காவலர் 300 பேரைப் படகுகளில் வரவழைத்தார். ஜூலை 6 ஆம் நாள் நிகழ்ந்த மோதலில் இருதரப்பிலும் உயிர்கள் மாண்டன. சங்கம் ஒடுங்கிற்று. கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். தொழிலாளரின் சங்க உரிமையை ஆதரித்து முன்பு எழுதியவரும் அவரே; ஃபிரிக்கின் திட்டத்திற்கு முன்னதாகவே இசைவு தந்தவரும் அவரே. அந்நிகழ்ச்சி தம்மைப் பெரிதும் புண்படுத்தியதாகத் தன்வரலாற்றில் குறித்துள்ளார். புண்பட்டவர் அவர் மட்டும்தானா என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

பெருஞ்செல்வத்தோடு மாள்வது இழுக்கு என்று 1889 இலேயே அவர் எழுதியிருந்தார். 1901 இல் நிறுவனம் 48 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அதன்பின் வழங்குவதே அவர் தொழிலாயிற்று. உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. ஊரார் நிலம் தரவேண்டும், ஆண்டுதோறும் கொடையில் பத்திலொரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்பன நிபந்தனைகள். எல்லா ஊர்களும் அதனை ஏற்கவில்லை. ஹோம்ஸ்டெட்டை ஒட்டிய மன்ஹாலிலும் 1898 இல் அழகிய நூலகம் எழுந்தது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைமுன் நின்றவன் எப்போது அங்கே சென்று படிப்பான்? அவன் பிள்ளைகள் படித்திருப்பர், அதனையும் மறுப்பதற்கில்லை.

கல்லூரி ஆசிரியர்தம் குறைந்த ஊதியத்தைக் கண்டு, 1905 இல் அவர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஒரு கோடி டாலர் அளித்தார். ஓய்வூதியத்தில் வாழும் நமக்கு, முதுமையில் பிறர் கையை எதிர்பாராதிருத்தலின் அருமை தெரியும். ஆகவே அவர் கொடைகளுள் இதனை நாம் முதலில் வைப்போம். ஆயினும் ஈட்டிய வகையை மறைத்துவிட்டு ஈந்த தொகையை மட்டும் கூட்டிக் காட்டும் வரலாற்றை மாணவர்க்குக் கற்பித்தல் தகாது. கூலியாகக் கொடுத்திருக்க வேண்டியதன் ஒரு பகுதியே பின்னாளில் கொடையாக வந்தது என்போரை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது.

போர்க்கப்பல்களுக்குக் கவசத் தகடு வார்த்தவர், ஹேக் நகரில் அமைதி மாளிகைக்கு 15 இலட்சம் டாலர் தந்தார். 1913 இல் அது திறக்கப்பட்டது. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. தம் செல்வத்தில் சுமார் 35 கோடி டாலரை வழங்கிவிட்டு, 1919 ஆகஸ்டு 11 ஆம் நாள் கார்னெகி மறைந்தார். எஃகு ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைமுறை கைவிடப்படத் தொடங்கியது 1923 இல்தான்.