கிள்ளான் டாக்டர் வாட்சன்

புதுக்காடு திறந்த காலத்தில் குளிர்காய்ச்சல் வந்து லயம் லயமாக ஆட்கள் மடிந்த கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தக் காய்ச்சலை இந்த மண்ணிலேயே துரத்திப் பிடித்த ஒரு வைத்தியரைப் பற்றி இன்று சொல்லுவோம்.

மால்கம் வாட்சன் 1873-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1900-இல் மலாயாவுக்கு வந்தார். மறு வருஷமே கிள்ளானில் அரசாங்க டாக்டர். வந்த நேரம் பொல்லாத நேரம்! 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள் (இப்போது போர்ட் கிள்ளான்). திறந்த கையோடு காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு கிள்ளானிலும் துறைமுகத்திலுமாகச் செத்தவர்கள் 582 பேர். அதில் காய்ச்சலில் போனவர்கள் மட்டும் 368.

கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு ரொனால்ட் ராஸ் இந்தியாவில் 1897-இல் ஆதாரம் கண்டு நாலே வருஷம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப்பேர் கெட்ட காற்று என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். வாட்சன் கொசுவைத்தான் நம்பினார். சதுப்புக் காட்டை வெட்டச் செய்து, வாய்க்கால் போட்டு, தேங்கிய தண்ணீரை வடிய வைத்தார். 1902-இல் காய்ச்சல் சாவு 59 ஆகக் குறைந்தது.

ஆனால் மலைத் தோட்டங்களில் அதே வைத்தியம் காலை வாரிவிட்டது. அங்கே காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது! கடலோரக் கொசு நிழலில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் முட்டையிடும். மலைக் கொசு வேறு இனம். அதற்கு வெயில் படுகிற, தெளிந்து ஓடுகிற ஊற்றுத் தண்ணீர் வேண்டும். ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்து, பள்ளத்து ஓடையில் வெயில் விழ வைத்தார்கள். லாபம் பங்களா பக்கம் போனது, காய்ச்சல் லயத்துப் பக்கம் வந்தது.

வாட்சன் பிடிவாதம் பிடிக்கவில்லை. எந்தத் தண்ணீரில் எந்தக் கொசு வளருது என்று ஓடை ஓடையாகக் குனிந்து பார்த்தார். பள்ளத்துத் தண்ணீரை மண்ணுக்கடியில் குழாய் புதைத்து ஓடவிட்டார். முடியாத இடத்தில் தண்ணீர்மேல் எண்ணெய் தெளிக்க வைத்தார். தெளித்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களுக்கே டாக்டரானார். ஆள் படுத்தால் தோட்டத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று துரைமாருக்குக் கணக்குக் காட்டினார். மனுஷ உயிருக்காக மட்டும் கேட்டிருந்தால் பணப்பை திறந்திருக்குமா? நமக்குச் சந்தேகம்தான்.

1911-இல் மலேரியாத் தடுப்பைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. பிறகு லண்டனில் ராஸ் பெயரில் இருந்த நிலையத்தில் வேலை பார்த்தார். ஆப்பிரிக்கச் செம்புச் சுரங்கத் தொழிலாளர் மத்தியிலும் இதே வழியைக் கொண்டுபோய்ப் பலன் கண்டார். 1955-இல் காலமானார்.