மார்பகக் குறைப்பு ஆபரேஷன்: 1,300 ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த பவுல் யார்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க தையல் மெஷின் முன்னால் குனிந்திருக்கும் பெண்களில், முதுகுவலிக்கு மார்பக எடைதான் காரணம் என்று தெரிந்தும் வெளியே சொல்லாதவர்கள் உண்டு. பிரா பட்டை பதிந்து தோளே பள்ளமாகியிருக்கும். எடையைக் குறைக்க ஆபரேஷன் இருக்கு. அதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, கிரேக்க மருத்துவர் பவுலுடையது.

ஏஜினா தீவில் பிறந்த பவுல், 7-ம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவில் வைத்தியம் பார்த்தார். அரபுப் படை நகரைப் பிடித்த பிறகும் அங்கேயே இருந்தாராம். பிரசவச் சிக்கல் என்றால் மருத்துவச்சிகள் இவரிடம்தான் யோசனை கேட்பாங்களாம். 7 பாகங்களில் மருத்துவ நூல் எழுதினார். 6-வது பாகம் அறுவை சிகிச்சைக்கு. மார்புக்குக் கீழே பிறை வடிவில் கீறி, கொழுப்பை எடுத்து, தைக்கணும். ரொம்பத் தொங்கினால் இரண்டு பிறைக் கீறல் போட்டு, நடுத்தோலையும் நீக்கணும்.

ஆனால், அந்த ஆபரேஷன் ஆண்களுக்கு! மார்பு பெருத்த ஆண்களின் கூச்சத்தைப் போக்க. மருத்துவச்சிகளே தேடிவந்த மனிதர், பெண்களின் முதுகுவலியை அங்கே பேசவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

9-ம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஷாக் அந்த நூலை அரபியில் மொழிபெயர்த்தார். பெண்களுக்கான முறைகள் சீரானது 20-ம் நூற்றாண்டில்தான். 1956-ல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் வைஸ், பிரா தைக்கும் பேட்டர்னைப் பார்த்தே கீறல் அளவை வகுத்தார். இன்றும் பல டாக்டர்கள் போடுவது அந்தக் கோடுதான். ஆபரேஷன் பற்றி பிளாஸ்டிக் சர்ஜனிடம் பேசும்போது, பின்னாளில் தாய்ப்பால் கொடுப்பது பாதிக்குமா என்பதையும் கேட்டுக்கோங்க.