கணக்குக்குக் காவலர் – டாக்டர் ஜான் மத்தாய்

மாதம் பிறந்து சம்பளம் கைக்கு வந்ததும் நம் அன்னையர் என்ன செய்கிறார்கள்? அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்கிறார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கே கணக்கு இத்தனை அவசியம் என்றால், கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டுக்குச் சொல்லவா வேண்டும்? சுதந்திர இந்தியாவின் தொடக்க ஆண்டுகளில் அந்தப் பெரிய கணக்கைச் சுமந்தவர்களுள் ஒருவர் டாக்டர் ஜான் மத்தாய்.

இவர் 1886-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் கோழிக்கோட்டில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, சில ஆண்டுகள் சென்னையில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். ஆயினும் அவர் உள்ளம் பொருளாதாரத்தையே நாடியது. இங்கிலாந்து சென்று லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். இந்தியக் கிராம ஆட்சியைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி 1915-இல் நூலாக வெளிவந்தது. ஏரி, பள்ளி, சுகாதாரம், ஊர்க்காவல் ஆகியவற்றை நம் கிராமங்கள் தாமே எவ்வாறு பேணி வந்தன என்பதை அந்நூல் ஆராய்கிறது. பொதுப்பணம் யாருடையது, யாருக்காகச் செலவாக வேண்டும் என்ற கேள்வி இளமையிலேயே அவர் மனத்தில் வேரூன்றிவிட்டது.

தாயகம் திரும்பியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். 1925-இல் இந்தியச் சுங்கவரி வாரியத்தில் உறுப்பினராகி, பின்னர் அதன் தலைவராகவும் உயர்ந்தார். அயல்நாட்டுப் பொருள்களுக்கு எவ்வளவு வரி விதித்தால் நம் தொழில்கள் பிழைக்கும், வாங்குவோருக்குப் பாரம் எவ்வளவு கூடும் என்று எடைபோடுவதே அவ்வாரியத்தின் வேலை. பின்பு டாட்டா நிறுவனத்தில் பணிபுரிந்தார். 1944-இல் தொழிலதிபர்கள் சேர்ந்து வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்ட எண்மருள் இவரும் ஒருவர்.

நாடு விடுதலை பெற்றபோது ரயில்வே அமைச்சரானார். ஆர்.கே. சண்முகம் செட்டியார் பதவி விலகியபின், 1948-இல் நிதி அமைச்சர் பொறுப்பு இவரிடம் வந்தது. அது எளிய காலமன்று. பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளுக்கு வாழ்வளிக்க வேண்டும். உணவு தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும். விலைவாசியோ ஏறிக்கொண்டே இருந்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. நம் வாணிகம் பெரிதும் பவுனையே சார்ந்திருந்ததால் ரூபாயின் மதிப்பையும் குறைக்க நேர்ந்தது. அதுவரை ஏறத்தாழ 3 ரூபாய் 31 காசு மதிப்பில் இருந்த ஒரு டாலர், 4 ரூபாய் 76 காசு மதிப்புக்கு உயர்ந்தது. இந்தியா குடியரசான பின் வந்த முதல் வரவு செலவுத் திட்டத்தை 1950 பிப்ரவரியில் தாக்கல் செய்தவரும் இவரே.

அந்த ஆண்டிலேயே அவருக்குச் சோதனை வந்தது. 1950 மார்ச்சில் திட்டக் குழு அமைந்தது. வறுமை நீங்கத் திட்டமிட்ட வளர்ச்சி தேவை என்பது பிரதமர் நேருவின் உறுதியான எண்ணம். மத்தாயும் திட்டமிடுதலுக்கு எதிரியல்லர். பம்பாய்த் திட்டமே அதற்குச் சாட்சி. ஆனால் அக்குழு மற்றோர் அமைச்சரவைபோல வளர்ந்துவிடும் என்றும், செலவுக்குப் பாராளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய நிதி அமைச்சரின் கட்டுப்பாடு தளர்ந்துவிடும் என்றும் அவர் அஞ்சினார். வேறு சில கருத்து வேற்றுமைகளும் இருந்தன. மனம் ஒப்பாமல் நாற்காலியில் அமர்ந்திருப்பதைவிட விலகுவதே நேர்மை என்று முடிவு செய்து, பதவியைத் துறந்தார்.

பதவி போனாலும் பணி நிற்கவில்லை. வேறுபாட்டை அரசும் பகையாகக் கொள்ளவில்லை; 1953-இல் அமைந்த வரி விசாரணைக் குழுவுக்கு அவரையே தலைவராக்கியது. மத்திய, மாநில, ஊராட்சி வரிகள் அனைத்தையும் அக்குழு ஆராய்ந்து மூன்று தொகுதிகளாக அறிக்கை தந்தது. விற்பனை வரியில் ஒரு பெருங்குழப்பம் இருந்தது. 1939-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய பொது விற்பனை வரி பிற மாநிலங்களுக்கும் பரவியிருந்தது. ஒரு மாநிலத்தில் விற்று மற்றொன்றுக்குச் செல்லும் சரக்குக்குப் பல மாநிலங்கள் வரி கேட்டன. மாநிலங்களுக்கிடையேயான விற்பனை மத்திய அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று குழு கூறியது. 1956-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, மத்திய விற்பனை வரிச் சட்டமும் பிறந்தது.

1955-இல் பாரத ஸ்டேட் வங்கியின் முதல் தலைவரானார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கும் பின்னர் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக விளங்கினார். அவருடைய துணைவியார் அச்சம்மா மத்தாய் சமூக சேவைக்காக 1954-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஜான் மத்தாய்க்கு 1959-இல் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டே நவம்பரில் அவர் மறைந்தார்.

அன்புத் தோழியரே! வகுப்பு நிதியோ சுற்றுலாப் பணமோ, பிறர் பணம் நம் கைக்கு வரும் நாள் எல்லோருக்கும் உண்டு. அன்று ஒவ்வொரு காசுக்கும் கணக்குச் சொல்லக் கூடியவராய் இருப்போம். கணக்குச் சொல்ல முடியாத நிலை வந்தால், இடத்தை விட்டு எழுந்திருக்கும் துணிவும் நமக்கு வேண்டும். ஜான் மத்தாயின் வாழ்வு நமக்குக் காட்டும் வழி அதுவே.