சிறை மீண்டு வந்து நாட்டைக் காத்த கடற்படைத் தளபதி

தென் கொரியாவின் தலைநகரான சியோலில் வாளேந்திய வீரர் ஒருவரின் பெரிய சிலை நிற்கிறது. 1968-ம் ஆண்டு நிறுவப்பட்டது. அந்நாட்டின் 100 வோன் நாணயத்திலும் அவர் உருவமே உள்ளது. அவர் பெயர் யீ சுன் சின்.

இப்படிப் போற்றப்படும் வீரரை ஒரு காலத்தில் அவருடைய அரசரே சிறையில் தள்ளினார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

கால் முறிந்தது

யீ 1545-ல் சியோலில் பிறந்தார். படையில் சேர ஆசைப்பட்டார். 1572-ல் அதற்கான தேர்வுக்குப் போனார். குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. மரப்பட்டையைக் காலில் கட்டிக்கொண்டு எழுந்தார். ஆனாலும் அந்த ஆண்டு தேறவில்லை. மனம் தளராமல் பயின்று, 1576-ல் வெற்றி பெற்றார்.

1591-ல் தென் கடற்கரையிலுள்ள யோசு துறைமுகத்தில் கடற்படைத் தளபதி ஆனார். போர் வரும் என்று எண்ணி, கப்பல்களைப் பழுது பார்த்தார். ஆமைக் கப்பலையும் கட்டினார். அதன் மேல்தளம் ஆமை ஓடு போல மூடியிருக்கும். ஓட்டின் மேல் கூரிய முட்கள் இருக்கும். எதிரிகள் தாவி ஏற முடியாது. உள்ளே இருப்பவர்களோ பீரங்கியால் சுடலாம்.

போர் மூண்டது

அவர் எண்ணியபடியே நடந்தது. ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷிக்குச் சீனாவைப் பிடிக்க ஆசை. 1592-ல் அவருடைய படை முதலில் கொரியாவில் இறங்கியது. மூன்று வாரத்துக்குள் சியோல் வீழ்ந்தது. அரசர் வடக்கே ஓடினார்.

ஆனால் கடலில் ஜப்பானியர் தோற்றனர். ஹன்சான் தீவுக்கு அருகே 73 ஜப்பானியக் கப்பல்கள் குறுகிய நீர்ப்பாதையில் நின்றன. யீயின் கப்பல்கள் பயந்து ஓடுவது போல் நடித்து, அவற்றை அகன்ற கடலுக்கு இழுத்து வந்தன. பிறகு நாரை சிறகை விரித்தாற்போல் பரவி வளைத்துக்கொண்டன. எதிரி 59 கப்பல்களை இழந்தான்.

வெற்றி வீரருக்குச் சிறை

1597-ல் எதிரியின் ஒற்றன் ஒருவன் ஒரு செய்தி கொண்டுவந்தான். அதை நம்பிய அரசர், கடலில் போய்த் தாக்கும்படி கட்டளையிட்டார். இது சூழ்ச்சி என்று யீ கருதினார். தம் வீரர்களைப் பலியிட அவருக்கு மனம் வரவில்லை. அரசவையில் அவரை வேண்டாதவர்கள் பழி கூறினார்கள். யீயைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். மூத்த அமைச்சர் ஒருவர் பரிந்து பேசியதால் உயிர் தப்பினார். தளபதி பதவி போய், சாதாரண வீரர் ஆனார். மகனைப் பார்க்கப் புறப்பட்டு வந்த தாயார், வழியிலேயே இறந்தார். துக்கம் காக்கவும் யீக்கு நேரம் தரப்படவில்லை.

சில மாதங்களில் புதிய தளபதியின் கீழ் கடற்படை அழிந்தது. மிஞ்சியவை 12 கப்பல்களே. அரசர் மீண்டும் யீயைத் தளபதி ஆக்கினார். கடற்படையைக் கலைத்துவிட்டுத் தரைப்படையில் சேரலாம் என்றும் தெரிவித்தார். இன்னும் 12 கப்பல்கள் இருக்கின்றன என்று யீ பதில் எழுதினார். பட்ட அவமானத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

133-க்கு எதிராக 13

இன்னொரு கப்பலும் சேர்ந்து 13 ஆயிற்று. 1597 அக்டோபரில் மியோங்னியாங் நீரிணையில் 133 எதிரிக் கப்பல்கள் வந்தன. மற்றக் கப்பல்கள் தயங்கிப் பின்தங்க, யீயின் கப்பல் மட்டும் முன்னே நின்று போரிட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அங்கே நீரோட்டம் மிக வேகமானது. அது திசை மாறியதும் எதிரிக் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதின. ஏறத்தாழ 30 கப்பல்கள் அழிந்தன. யீயின் கப்பல் ஒன்றுகூட மூழ்கவில்லை.

அதே ஆண்டில் ஜப்பானிய வீரர்கள் அவர் ஊரைத் தாக்கினார்கள். அவருடைய மூன்றாம் மகன் கொல்லப்பட்டான். தந்தை தனிமையில் அழுதார். பிறகு கப்பலுக்குத் திரும்பினார்.

1598-ல் ஹிதேயோஷி இறந்தார். அவர் படை ஊர் திரும்ப முயன்றது. டிசம்பர் 16 அன்று நோர்யாங்கில் கடைசிப் போர் நடந்தது. யீயின் மேல் குண்டு பாய்ந்தது. தம் சாவை வீரர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு உயிர் விட்டார். முரசு தொடர்ந்து முழங்கியது. போரில் வெற்றி கிடைத்தது. அதன் பிறகே வீரர்களுக்கு உண்மை தெரிந்தது.

அவரைத் தண்டித்த அரசே பிறகு உயர்ந்த பட்டங்களை அளித்தது. போர்க்களத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பை 2013-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பதவி போனபோதும் அவர் கடமையை விடவில்லை. அதனால்தான் 400 ஆண்டுகளுக்குப் பிறகும் கொரிய மக்கள் அவரை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்.